மொய் திரும்பிய நாள்

அத்தியாயம் 14

பதினேழு ரூபாய் ஒன்பதணா.

போன வாரம் கரண்டு கம்பெனியின் சிவப்புச் சீட்டை நல்லம்மாள் கையில் கொடுத்து, அதில் எழுதியிருந்ததை வாயாலும் படித்துச் சொல்லிவிட்டுப் போனான் கம்பம் ஏறுகிற வீரபாகு. "வர்ற புதங்கெழமை உச்சிக்குள்ள கட்டிருங்கம்மா. இல்லீன்னா நான் ஏணியோட வரோணும்" என்றான். நல்லம்மாள் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டுவதற்குக் காசு வேண்டியதில்லை.

அந்தப் புதன்கிழமை இன்று விடிந்துவிட்டது.

அதே புதன்கிழமைதான் மல்லசமுத்திரத்துக் கருப்பண்ணன் பொழுது சாய வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் மகனுக்கும் நல்லம்மாளின் மகள் ஆராயிக்கும் நிச்சயம் செய்து வெற்றிலை மாற்ற வேண்டும். நகை நட்டு என்று அவர் வாய் திறந்து கேட்கவில்லை. "போடறதைப் போடுங்க. ஊடு ஊடா இருக்கோணும், எனக்கு அவ்வளவுதான்" என்று சொன்ன மனிதர். பெண் பார்க்க வந்த அன்று அவர் கண் முதலில் போனது உத்தரத்தில் தொங்கிய கரண்டு கம்பி மேல்தான். அவர் ஊரில் இன்னும் கரண்டு வரவில்லை. "பல்பைக் காணோமுங்களே?" என்று கேட்டார். "சுட்டுப் போச்சுங்க, புதுசு வாங்கோணும்" என்றார் ஆராயியின் அப்பன் அங்கமுத்து. பொய் சொல்லிப் பழகாத வாய், சொன்ன பிறகு வெகு நேரம் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தது.

பல்பு சுடவில்லை. தவிட்டுப் பானைக்குள் பத்திரமாக இருந்தது.

அம்மாபேட்டைத் தெருவில் இரண்டு தறி வைத்துக் கூலிக்கு ஆள் போட்டு நெய்த வீடு அது. ராத்தறி ஓட்டலாம் என்றுதான் ஆசையாக விளக்கு இழுத்தார் அங்கமுத்து. பிறகு உலகச் சண்டை வந்தது, நூல் நின்றது, ஆட்களும் நின்றார்கள். நெய்யாத வீட்டுக்கு விளக்கு எதற்கு என்று அவரே பல்பைக் கழற்றித் துணியில் சுற்றித் தவிட்டுக்குள் புதைத்தார். எரிக்காத விளக்குக்கு எவன் காசு கேட்பான் என்று நினைத்துவிட்டார்கள். மாதாமாதம் வந்த சீட்டை ஆராயி அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டாள். எரித்தாலும் எரிக்காவிட்டாலும் 'மினிமம்' என்று ஒன்று உண்டாம். அது தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. வீரபாகு சொல்லித்தான் தெரிந்தது. அதைக் கேட்ட பணியாரக்கார மாரக்காள், "ஆருங்க அந்த மினியம்மா, அவளுக்கு எதுக்கு நாம அழுவறது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து தெருவுக்கே அது மினியம்மாதான்.

காலையில் கடன் கேட்டு நூல்கடை முதலாளி வீட்டுக்குப் போன அங்கமுத்து, வெயில் ஏறும்போது திரும்பி வந்தார். வந்தவர் யாரையும் பார்க்காமல் நேரே தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டார். பாவு நூல் இல்லாத தறி. கால் மட்டும் பழக்கத்தில் மிதிகட்டையைத் தேடியது.

நல்லம்மாள் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்ல வேண்டியிருக்கும்.

புழக்கடைப் பக்கமாக மஸ்தான் பீவி வந்தாள். தெருமுக்கில் விறகுத் தொட்டி வைத்திருக்கும் சைபுல்லாவின் மனைவி. வெறுங்கையோடு வந்து பழக்கமில்லை. இன்றைக்கும் முந்தானையில் அடுப்புக்கு நாலு சிராத்துண்டு இருந்தது.

"அண்ணன் போன காரியம்?"

"போனாரு, வந்தாரு."

"மொதலாளி என்ன சொன்னாரு?"

"ஊர்ல இல்லீன்னு சொல்லச் சொன்னாராம். உள்ளார அவரு இருமற சத்தம் கேட்டுதாம்."

பீவி சிரித்துவிட்டாள். நல்லம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு எதுவாகவோ மாறியதால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெருவுல ஆளுக்குக் கொஞ்சம் போட்டாத்தான் என்ன, நல்லம்மா?"

"வாங்க மாட்டாருங்க. நெசவாளர் சங்கத்துல கஞ்சித் தொட்டி தொறந்தப்ப, ஊட்டுக்கே குண்டாவுல கொண்டாந்து குடுத்தாங்க. நாங்க சாப்புட்டாச்சுன்னு திருப்பி அனுப்பிச்சுட்டாரு. அன்னைக்கு மூணு பேரும் தண்ணி குடிச்சுட்டுப் படுத்தோம்."

"ரோசத்தை மாட்டுனா பல்பு எரியுமா?"

"எரியாதுங்க. ஆனா அது அணையவும் மாட்டேங்குதே."

பீவி அடுப்பைப் பார்த்தாள். சிராத்துண்டுகளை அதன் ஓரத்தில் வைத்துவிட்டு வந்த வழியே போய்விட்டாள். போகட்டும், அவள்தான் என்ன செய்வாள் என்று நல்லம்மாள் ஒறம்பரைக்காக வாங்கி வைத்திருந்த அரிசியைப் புடைக்க உட்கார்ந்தாள். வருகிற விருந்தாளிக்கு அரிசி உண்டு. அதை உண்ண வெளிச்சம்தான் இல்லை.

சீமெண்ணெய் விளக்காவது ஏற்றலாம் என்றால், அதிலும் மண். தெருவின் ரேஷன் சீமெண்ணெய்க் கடை அவளுடைய கூடப் பிறந்த அண்ணன் பெரியசாமியுடையது. எதிர்ச்சாரியில் நாலு வீடு தள்ளி. ஆராயியைத் தன் மகனுக்குக் கேட்டார் அண்ணன். ஆராயி மாட்டேன் என்றாள். சீட்டாடுகிறவனுக்குத் தரமாட்டோம் என்று அங்கமுத்தும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நல்லம்மாள் சீசாவோடு போகும்போதெல்லாம் கடையில் எண்ணெய் தீர்ந்து போயிருந்தது. "இப்பத்தான் அம்மணி தீந்துது" என்பார் அண்ணன். அப்போதும் 'அம்மணி' என்றுதான் சொல்வார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நல்லம்மாள் இத்தனை நாள் காலம் தள்ளினாள்.

முன்வாசலில் சத்தம் கேட்டது.

மஸ்தான் பீவி இந்தத் தடவை முன்வாசல் வழியாக வந்தாள். தலையில் முக்காடு, கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, அதன் மேல் இரண்டு வெள்ளி ரூபாய். நேரே தறிக்குழிக்கு எதிரில் போய் நின்றாள்.

"அண்ணே, உங்க ஊட்டுல இன்னைக்கு நல்ல காரியம். எங்க ஷஹர்பானு நிக்காஹுக்கு நீங்க எழுதுன மொய் ரெண்டு ரூவா. புடிங்க."

அங்கமுத்து நிமிர்ந்தார். "நிச்சயத்துக்கு ஏது பீவிம்மா மொய்? அது கண்ணாலத்துக்கல்ல எழுதறது."

"எங்க பக்கம் நிச்சயத்துக்கும் உண்டு."

"எங்க பக்கம் இல்லீங்களே."

"நான் எங்க பக்கத்து ஆளுதானே? நான் எம் முறைப்படி செய்யறேன். வேண்டான்னு சொல்லுங்க. அப்ப எம் மவளுக்கு நீங்க எழுதுனதும் வேண்டாத காசுன்னு ஆவும். அப்படித்தானே?"

கஞ்சியைத் திருப்பி அனுப்பலாம். மொய்யைத் திருப்பி அனுப்ப எவனுக்கும் கை வராது. அங்கமுத்து குழியிலிருந்து ஏறி வந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.

அது ஒரு வீட்டோடு நிற்கவில்லை. பீவி தெருவுக்குள் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். பின்னாலேயே அடுத்த தாம்பாளம் வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. அவர்கள் வீட்டிலும் நூல் இல்லை, அவர்கள் அடுப்பிலும் பூனை படுத்திருந்தது. ஆனாலும் ஆளுக்கொரு ரூபாய், அரை ரூபாய் என்று வந்தது. "அங்கமுத்தண்ணன் ஊட்டு நல்ல காரியத்துக்கு" என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவர் வாயிலும் கரண்டு என்ற பேச்சு வரவில்லை. மாரக்காள்தான், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய சில்லறையாக ஒரு ரூபாய் கொடுத்துவிட்டு, வாயை அடக்க முடியாமல் நல்லம்மாள் காதருகே குனிந்தாள்.

"மினியம்மாளுக்குச் சீரு வெக்கறோம் தாயி. தின்னு தொலைக்கட்டும், பொறவு இந்தப் பக்கம் வர மாட்டா."

நல்லம்மாள் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். மனசு வேறு கணக்கைப் போட்டது.

ஏனென்றால் இந்த வீட்டில் அங்கமுத்து நெய்வார், நல்லம்மாள்தான் நினைவு வைத்திருப்பாள். யார் வீட்டுக் காதுகுத்துக்கு என்ன எழுதினோம், யார் வீட்டு வளைகாப்புக்கு என்ன எழுதினோம் என்பது அவளுக்கு மனப்பாடம். நூல் கிடைத்த காலத்தில் மிஞ்சிய காசையெல்லாம் பந்தல் பந்தலாகப் போய் எழுதினார்கள். அதுதான் அவர்களுடைய சேமிப்பு. தை மாசம் ஆராயி கல்யாணத்தில் அது திரும்பி வரும். பந்தக்கால் நடுவது முதல் பந்தி வைப்பது வரை அந்தக் காசுதான். வேறு காசு கிடையாது. இன்று உள்ளே வருகிற ஒவ்வொரு தாம்பாளமும் தை மாசத்தில் வராது. தெரு மனசார உதவி செய்தது. அந்த உதவி அவள் மகளின் கல்யாணப் பந்தியிலிருந்து ஒவ்வோர் இலையாக எடுத்துக்கொண்டிருந்தது.

பீவியை அடுப்படிக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள்.

"தை மாசத்துக்கு நான் என்னங்க பண்ணுவேன்?"

பீவிக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. முக்காட்டின் நுனியைக் கையில் சுருட்டினாள், பிரித்தாள்.

"யோசிக்கலை, நல்லம்மா. அண்ணன் வாங்கற மாதிரி ஒரு பேரு வேணும்னுதான் யோசிச்சேன்." வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "தை மாசம் தள்ளி நிக்குது. ஏணி தெருவுக்கே வந்துருச்சு. நான் பாத்துட்டுத்தான் வாரேன்."

ஏணி வந்துவிட்டது. சூரியன் தலைக்கு நேரே நின்றது.

வீரபாகு ஏணியைக் கம்பத்தில் சாய்த்தான். பிறகு அது சரியில்லை என்று எடுத்து மறுபடி சாய்த்தான். தண்ணீர் கேட்டான். நல்லம்மாள் கொடுத்த சொம்பை வாய் வைக்காமல் அண்ணாந்து, அவசரமே இல்லாமல் குடித்தான். "இன்னொரு சொம்பு குடுங்கம்மா, வெயிலு" என்றான். அவனுக்குத் தாகம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. மூன்றாவது சொம்பைத் தரையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எவ்வளவுங்கம்மா சேந்துருக்குது?"

"ஆறு ரூவா."

"பாதி இருந்தாக்கூட நான் மேஸ்திரிகிட்டச் சொல்லிப் பாப்பேன். அவரு முக்குல நின்னு என்னையவே பாத்துட்டிருக்காரு. நான் ஏறலீன்னா வேற ஆளு ஏறுவான். நான் ஊட்டுக்குப் போயிருவேன்."

"உன் மேல குத்தமில்லை சாமி."

அவன் ஏணியில் கால் வைத்தான்.

உள்ளேயிருந்து ஆராயி வந்தாள். நிச்சயத்துக்கென்று பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சேலை, தலையில் இன்னும் பூ வைக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நான் மாமன் கடைக்குப் போறேன். கேட்டா மாமன் குடுக்கும்."

"சும்மா குடுக்குமா?"

"நான் சரின்னு சொன்னாக் குடுக்கும்." ஆராயியின் குரல் நடுங்கவில்லை. அதுதான் நல்லம்மாளைப் பயமுறுத்தியது. "சீட்டாடுனா ஆடட்டும். அப்பா இப்படிக் குழியில உக்காந்திருக்கறதை என்னால பாக்க முடியலை."

நல்லம்மாள் அவள் மணிக்கட்டை விடவில்லை. போ என்று சொல்ல வாய் வரவில்லை, போகாதே என்று சொல்லக் கையில் காசு இல்லை. இப்படிப் பிடித்துக்கொண்டே நின்றுவிடலாம் போலிருந்தது.

அப்போது எதிர்ச்சாரியிலிருந்து பெரியசாமி இறங்கி வந்தார்.

அவர் கையிலும் தாம்பாளம் இருந்தது.

காலையிலிருந்து தன் கடைக்கு முன்னால் தாம்பாளங்கள் போவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நல்லம்மாளுக்கு நெஞ்சு நிறைந்தது. ஆயிரம் கோபம் இருந்தாலும் கூடப் பிறந்தவர். ஏணியைப் பார்த்ததும் இரத்தம் துடித்திருக்கிறது.

"வாண்ணா" என்றாள்.

பெரியசாமி வாசற்படி ஏறவில்லை. தெருவிலேயே நின்று தாம்பாளத்தை நீட்டினார்.

"என்ற பெரிய மவ கண்ணாலத்துக்கு எழுதுன பதினோரு ரூவா. வாங்கிக்குங்க."

நல்லம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. வேறு யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

வாங்கிக்குங்க.

இந்தச் சீமையில் நாய்க்குக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவதுண்டு. ஆனால் கூடப் பிறந்த தங்கைக்கு யாரும் போடுவதில்லை. வாடி, போடி, அம்மணி, கழுதை என்று அவளைக் கூப்பிட்ட வாய் அது. இடுப்பில் தூக்கித் திரிந்தவர். அந்த வாயிலிருந்து இவ்வளவு மரியாதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"என்னண்ணா, வாங்க போங்கன்னு பேசறே?"

"ஒறம்பரை இல்லாதவங்ககிட்ட மருவாதியாத்தானுங்க பேசோணும். தெருவே உங்களுக்குக் கணக்குத் தீக்குது. நான் மட்டும் பாக்கிக்காரனா நிக்கக் கூடாதில்லீங்க?"

"அவங்க எல்லாரும் ஒதவிக்குக் குடுத்தாங்க, அண்ணா."

"நான் கணக்குக்குக் குடுக்கறேனுங்க."

காலத்துக்கு முன்னால் திருப்பித் தரும் மொய்க்கு இந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். இனி உன் வாசலுக்கு நான் இல்லை, என் வாசலுக்கு நீ இல்லை. தெருக்காரர்கள் நிச்சயம் என்ற பெயரைச் சொல்லி அந்த அர்த்தத்தை மூடி வைத்தார்கள். பெரியசாமி அதை எடுத்து நடுத்தெருவில் விரித்துப் போட்டார்.

கம்பத்தில் வீரபாகு கம்பியை எட்டிவிட்டான். கையில் குறடு. அவன் கீழே பார்க்கவில்லை. பார்க்காமலே அசையாமல் நின்றான்.

அங்கமுத்து வாசலுக்கு வந்திருந்தார். மச்சானைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நல்லம்மாள் காத்திருந்தாள். கஞ்சியைத் திருப்பி அனுப்பிய அதே மனிதர்தான். தலையைக் குனிந்துகொண்டார்.

நல்லம்மாள் ஆராயியின் மணிக்கட்டை விட்டாள். தாம்பாளத்தை வாங்கினாள்.

"கண்ணாலத்துக்கு எங்க ஊட்டுக்குப் பாக்கு வெக்க வேண்டாமுங்க" என்றார் பெரியசாமி. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். திரும்பிப் போகும்போது செருப்பு ஒன்று காலைவிட்டுக் கழன்றது. அதைப் போட்டுக்கொள்ள அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.

வீரபாகு இறங்கி வந்தான். ஆறும் பதினொன்றும் பதினேழு. எண்ணி முடித்து அவன் துண்டில் முடியும்போது, "ஒன்பதணா கொறையுதப்பா" என்றார் அங்கமுத்து.

"அது கம்பி அறுக்கற கூலிங்க. நாந்தான் இன்னும் அறுக்கலையே." ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டான். "கூட வாங்க. ஆபீசுல கட்டி ரசீது வாங்கிக்கலாம். அந்த ஒன்பதணாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அப்படியாக, எரியாத விளக்குக்கு எட்டு மாதமாகச் சேர்ந்த கடன் ஒரே பகலில் தீர்ந்தது.

பொழுது சாய்ந்தபோது மல்லசமுத்திரத்து வண்டிகள் இரண்டு வாசலில் வந்து நின்றன. ஆராயி தவிட்டுப் பானைக்குள் கையை விட்டுப் பல்பை எடுத்தாள். கண்ணாடி மேல் ஒட்டியிருந்த தவிட்டை முந்தானையால் துடைத்தாள். அங்கமுத்து முக்காலி மேல் ஏறி அதை மாட்டினார். இறங்கி விசையைத் தட்டினார்.

எரிந்தது.

எட்டு மாத இருட்டுக்குப் பிறகு அந்த வெளிச்சம் கொஞ்சம் கொடுமையாகத்தான் இருந்தது. சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பு தெரிந்தது, தறியில் பாவு இல்லாதது தெரிந்தது. ஆனால் வந்தவர்கள் மேலே பார்த்தார்கள், கீழே பார்க்கவில்லை. கருப்பண்ணன் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து விளக்கையே பார்த்தார்.

"புது பல்புங்களா?"

"ஆமாங்க" என்றார் அங்கமுத்து.

"வெளிச்சம்னா இது வெளிச்சம். எங்கூருல ராத்திரி சோத்துல பூச்சி உளுந்தாக்கூடத் தெரியாது." அவர் சிரித்தார், கூட வந்தவர்களும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற மஸ்தான் பீவி நல்லம்மாளின் முதுகை மெல்லத் தடவினாள். சாப்பாடு போட்டார்கள். உப்பு உறைப்பு எல்லாம் சரியாக இருந்ததாகச் சொன்னார்கள். பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

கருப்பண்ணன் வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார். எடுத்தவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். அந்த வெளிச்சத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

"பொண்ணோட தாய்மாமன் எங்கீங்க? எதுத்தாப்புலதான் ஊடுன்னு சொன்னீங்களே. அவரு கையில குடுத்துத்தானுங்க மாத்தோணும். கூப்புடுங்க, இருக்கறோம். அவசரமில்லை."

அங்கமுத்து மனைவியைப் பார்த்தார். ஆராயி குனிந்த தலையை நிமிர்த்தினாள். எதிர்ச்சாரியில் சீமெண்ணெய்க் கடையின் அடைப்புப் பலகைகளை யாரோ ஒவ்வொன்றாகப் பொருத்துகிற சத்தம் கேட்டது.

நல்லம்மாள் அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு இனி யாருக்கும் ஒரு தம்பிடி பாக்கி இல்லை. அவளுக்கும் யாரும் பாக்கி இல்லை.